விழாத வண்டி

மார்ச் 3

அன்புள்ள சுண்டெலிக்கு,

ஒன்றரை வருஷம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். ஒரு வண்டி வாங்கலாமா வேண்டாமா என்று உன்னிடம் கேட்க வேண்டும். வண்டிகளுக்குத் தகுதி பார்த்து முத்திரை குத்துகிற தங்கச்சி இருக்கும்போது தெருவில் போகிறவரையா கேட்பேன்?

போனில் கேட்டால் என்ன என்பார் உன் வீட்டுக்காரர். கேட்க முடிந்தால் கேட்க மாட்டேனா? இடது காது அநேகமாகப் போய்விட்டது. வலது காதில் போன் பேச்சு தகர டப்பாவுக்குள் ஈ புகுந்த மாதிரி இருக்கிறது. செய்தி அனுப்பலாமென்றால் அந்தச் சின்னத் திரையில் எழுத்து நகர்ந்த உடனே தலை சுற்றுகிறது. காகிதத்தில் எழுத்து போட்ட இடத்தில் நிற்கும். அதனால் காகிதம்.

உள்காதில் நீர் கட்டுகிற நோய் என்கிறார் காது டாக்டர். முதலில் இரைச்சல் வரும், அப்புறம் காது அடைக்கும், அப்புறம் அறை சுற்றும். சில நாள் இதெல்லாம்கூட இல்லாமல், யாரோ காலை வாரிவிட்ட மாதிரி பொத்தென்று விழுவேன். உப்பைக் குறைக்கச் சொன்னார், மாத்திரை எழுதினார். "வண்டி ஏதாவது ஓட்டறீங்களா?" என்று கேட்டார். "எப்பவாச்சும் கடைக்குப் போவேன் டாக்டர்" என்றேன். தினமும் ஆறு கிளினிக்குக்குப் போய் ரத்த மாதிரிக் குழாய்களை வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, ரெண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கிறவள் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இருபத்திரண்டு வருஷ வேலை அந்த ஒரு தாளோடு முடிந்தது.

போன மாதம் ரெண்டு தடவை சிக்னலில் விழுந்தேன். ஓடும்போது இல்லை, நிற்கும்போது. காலை ஊன்றினேன், தரை அங்கே இல்லை. வண்டி என் காலின் மேல். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தாராம், அதுவும் எனக்குக் கேட்கவில்லை.

இங்கே வெல்டர் ஒருவர் இருக்கிறார். தெருவே அவரைத் தகரம் என்றுதான் கூப்பிடும், அவரும் திரும்பிப் பார்ப்பார். மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தை வெட்டி, ரெண்டு சக்கரம் வைத்து, மூணு சக்கர வண்டியாகக் கட்டியிருக்கிறார். நடுவில் பெட்டி வைக்கத் தோதான தட்டு. "அக்கா, தூங்கிட்டே உக்காந்திருந்தாக்கூட இது சாயாது" என்கிறார். ஏப்ரல் பத்தாம் தேதி வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பாராம்.

உனக்குத் தெரிந்ததைச் சொல்லு. என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வேலை இல்லாமல் நான் வீட்டுக்குள் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். எனக்குப் பயமாக இருக்கிறதுடி. மாடிப்படி இறங்கும்போதே கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 9

அக்கா,

வேண்டாம்.

முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி காரணத்தைப் படி. பாப்பாவை ஸ்கூட்டரில் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக அலுவலகம் வந்து, லாரிகள் வரிசையில் நிற்க, முதல் வேலையாக இதை எழுதுகிறேன். வண்டி வாங்கணும் என்றால்தான் தங்கச்சி ஞாபகம் வருமா உனக்கு? காது போகிற வரைக்கும் ஒரு வரி எழுதவில்லையே.

தனியாள் வெட்டி ஒட்டிய வண்டிகளை மாதத்துக்கு நாலு பார்க்கிறேன். பின் அச்சில் டிஃபரன்ஷியல் இருக்கிறதா என்று உன் தகரத்தைக் கேள். அது இல்லையென்றால் திரும்பும்போது ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும், நீ ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். பிரேக் எத்தனை சக்கரத்தில் பிடிக்கிறது என்று கேள். வெல்டிங் வைத்த இடத்தில் பெயின்ட் வெடித்திருந்தால் உள்ளே இரும்பும் வெடித்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, ரெண்டு சக்கர வண்டியில் நீ பள்ளத்தை ஒதுக்கிப் போவாய். இதில் முன் சக்கரம் தப்பினால் பின் சக்கரம் விழும். பெட்டியில் ரத்த மாதிரிகள் குலுங்கும். குலுங்கினால் ரத்தம் உடைந்துவிடும், ஆய்வகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நீதானே ஒரு காலத்தில் எனக்குக் கதை கதையாகச் சொல்வாய்?

இதெல்லாம் சரியாக இருந்தாலும் வேண்டாம். மூணு சக்கரம் வண்டியைத்தான் தாங்கும். உன்னை எது தாங்கும்?

சில விஷயம் எழுது. எந்தக் காதில் முதலில் வந்தது? இரைச்சல் வந்து எத்தனை நிமிஷத்தில் சுற்றல் வருகிறது? ஒவ்வொரு தடவையும் இரைச்சல் வருமா, வராமலும் சுற்றுமா? முதல் தடவைக்கும் பொத்தென்று விழுந்ததற்கும் நடுவில் எத்தனை மாதம்? டாக்டர் இது குடும்பத்தில் வரும் என்று ஏதாவது சொன்னாரா? மறக்காமல் எழுது.

தங்கை

மார்ச் 14

சுண்டெலி,

அடேயப்பா, என்ன கேள்வி, என்ன விசாரணை! லாரிக்காரர்கள் உன்னைக் கண்டால் ஏன் நடுங்குகிறார்கள் என்று இப்போது புரிகிறது.

இடது காது. இரைச்சல் வந்து கால் மணி நேரத்தில் சுற்றும். சில தடவை இரைச்சலே வராது. முதல் தடவைக்கும் விழுந்ததற்கும் நடுவில் ஏழெட்டு மாதம் இருக்கலாம், நான் என்ன டைரியா எழுதினேன்? குடும்பத்தில் வருமா என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பிள்ளையா குட்டியா, கேட்டு என்ன ஆகப் போகிறது?

உன் பேச்சைக் கேட்டு அச்சைப் பார்த்தேன். டிஃபரன்ஷியல் இருக்கிறது. பழைய சரக்கு ஆட்டோவிலிருந்து கழற்றிப் போட்டாராம். பிரேக் மூணு சக்கரத்திலும் பிடிக்கிறது. பெயின்ட் வெடிக்கவில்லை, நகத்தால் சுரண்டியே பார்த்தேன். "அக்கா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி இப்படிப் பார்க்கறீங்களே" என்று தகரம் சிரித்தார்.

ஓட்டியும் பார்த்துவிட்டேன். அவருடைய பட்டறைக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது, அங்கேதான். முதல் தடவை நிறுத்தியதும் பழக்கத்தில் காலைக் கீழே ஊன்றினேன் பார், பின் சக்கரம் வந்து குதிகாலில் ஏறிவிட்டது. செருப்பு தப்பவில்லை, கால் தப்பியது. "ஊனாதீங்க அக்கா, ஊனாதீங்க! காலுக்கு இதுல வேலையே இல்ல" என்று கத்தினார். முப்பது வருஷமாக நிறுத்தினால் ஊன்றிய கால் இது, வேலை இல்லை என்றால் கேட்குமா? மனசுக்குள்ளே 'ஊன்றாதே, ஊன்றாதே' என்று சொல்லிக்கொண்டேதான் நிறுத்தினேன்.

திருப்பத்தில் இன்னொரு கூத்து. ரெண்டு சக்கர வண்டியில் உடம்பைச் சாய்த்தால் வண்டி தானாகத் திரும்பும். இதில் நான் சாய்ந்தேன், வண்டி சாயவே இல்லை. அது பாட்டுக்கு நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. மட்கார்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். பழக்கதோஷம், பத்து நாளில் சரியாகிவிடும்.

நீ பயந்துதான் வேண்டாம் என்கிறாய், தெரியும். அன்றைக்கு என் பின்னால் உட்கார்ந்து வந்து உன் காரை எலும்பு முறிந்ததே, அந்தப் பயம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் வீட்டுக்காரர், "இனிமே அவங்க வண்டியில நீ ஏறவே கூடாது" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். நீ வாயைத் திறக்கவில்லை. நாய் குறுக்கே வந்தால் நான் என்னடி செய்வேன்? ஓடினது நாய், கெட்ட பேர் எனக்கு. அதிலிருந்துதானே ரெண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

உன் அக்கா

மார்ச் 20

அக்கா,

நாய் இல்லை.

அன்றைக்கு ரோட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. உன் தோளுக்கு மேலே நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். உன் இடுப்பைப் பிடித்திருந்தேன். திடீரென்று உன் உடம்பு கட்டை மாதிரி ஆனது, அப்புறம் துணி மாதிரி தொய்ந்தது. அப்புறம்தான் விழுந்தோம். ஆஸ்பத்திரியில் நீ நாய் என்றதும் நானும் ஆமாம் நாய் என்றேன். நாயின் நிறம் என்ன என்று அவர் கேட்டதற்குக் கறுப்பு என்று நான்தான் சொன்னேன். ஒன்றரை வருஷமாக நான் பேசாமல் இருந்தது எலும்பு முறிந்ததற்காக இல்லை. என்னிடமாவது ஒருநாள் நிஜத்தைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நாம் விழுந்ததற்கு ஏழெட்டு மாதம் முன்னாலேயே உனக்குத் தலை சுற்றியிருக்கிறது. தெரிந்தும் என்னை ஏற்றிக்கொண்டாய்.

கோபமாகத்தான் எழுதுகிறேன், பூசி மெழுக விருப்பமில்லை. பழக்கதோஷமாம், பத்து நாளில் சரியாகுமாம். பச்சைக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொல்கிறாய்.

நீ கேட்கப் போவதில்லை என்பதும் தெரியும். எதற்கும் இதையாவது செய். சுற்றல் வரும்போல இருந்தால் தலையைத் திருப்பாதே. கண்ணை மட்டும் அசையாத ஒன்றில் நிறுத்து. ஜன்னல் கம்பி நல்லது, கதவுத் தாழ்ப்பாள் நல்லது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காதே, வினாடி முள் நகர்கிற ஒவ்வொரு நகர்வுக்கும் வயிறு புரட்டும். படுப்பதாக இருந்தால் கேட்காத காதை மேலே வைத்துப் படு. கையில் ஏதாவது குளிர்ச்சியாகப் பிடித்துக்கொள், எவர்சில்வர் டம்ளர் போதும்.

வண்டியை வாங்காதே.

தங்கை

மார்ச் 25

என் கண்ணே,

உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்து அழுதேன். நாய் இல்லைதான். மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு. அன்றைக்குக் காலையிலேயே காது அடைத்திருந்தது. கொஞ்ச தூரம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தக் 'கொஞ்ச தூரம்தானே' என் வாயில் இன்றைக்கும் வருகிறது.

ரெண்டாவது பாதியைப் படித்தபோது அழுகை நின்றுவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வினாடி முள் பற்றி உனக்கு யார் சொன்னது? என்னுடைய டாக்டர் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது. நான் படுத்துக் கிடந்து, வாந்தி எடுத்து, பல நாள் கழித்துக் கண்டுபிடித்தது அது. சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். கதவுத் தாழ்ப்பாள், குளிர்ந்த டம்ளர், எந்தக் காது மேலே இருக்க வேண்டும், இதெல்லாம் புத்தகத்தில் படித்து வருகிற விஷயமாடி? தலை சுற்றாதவளுக்குக் கடிகாரம் மணி பார்க்கிற சாமான், அவ்வளவுதான்.

நீ கேட்ட கேள்விகளை மறுபடி எடுத்துப் படித்தேன். எந்தக் காதில் முதலில், எத்தனை நிமிஷத்தில், குடும்பத்தில் வருமா. எனக்காகக் கேட்கிறாய் என்று நினைத்து அசட்டுத்தனமாகப் பதில் எழுதினேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உனக்கு எத்தனை மாதமாக இருக்கிறது? வீட்டில் தெரியுமா? பாப்பாவை ஸ்கூட்டரில் யார் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள்? இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் காலை எட்டு மணிக்கு நான் என்ன பாடு படுவேன் என்று உனக்குத் தெரியாது. உடனே எழுது.

அக்கா

மார்ச் 30

அக்கா,

ஐந்து மாதமாக. வலது காது. யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வேன், அவர் கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

பாப்பாவை நான்தான் கொண்டு விடுகிறேன். ஐந்து நிமிஷத் தூரம். இரைச்சல் இருந்தால் ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று பொய் சொல்லி நடத்திக் கூட்டிப் போவேன். இரைச்சலே இல்லாமலும் வரும் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து தினமும் வழியெல்லாம் அவளிடம் சத்தமாக வாய்ப்பாடு சொல்லச் சொல்கிறேன். அவள் குரல் ஒரே சீராகக் கேட்கிற வரைக்கும் நான் நன்றாக இருக்கிறேன் என்று ஒரு கணக்கு. எழுதிப் பார்த்தால் எவ்வளவு கேவலமாக இருக்கிறது!

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. பிப்ரவரியில் ஒரு லாரிக்கு பிரேக் பார்த்தேன். காலி லாரியை முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், வெள்ளைக் கோடு வந்ததும் மிதிக்க வேண்டும். எங்கே நிற்கிறது என்று அளக்க ஒருவர் நாடாவோடு தள்ளி நிற்பார். கோடு வந்தது. ஆனால் கோடு சாய்ந்து மேலே ஏறுகிற மாதிரி இருந்தது. எப்போது மிதித்தேன் என்றே தெரியாது. லாரி நின்றபோது அளக்கிறவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை அகலம். அவர் வெலவெலத்துப் போய் நின்றார். அப்புறம் சிரித்துவிட்டு, "என்ன மேடம், இன்னிக்கு என்னையும் சேத்து அளக்கறதா உத்தேசமா?" என்றார். அவருக்கு ரெண்டு பிள்ளைகள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பிரேக் சரியில்லை என்று எழுதி, தகுதி இல்லை என்று லாரியின்மேல் முத்திரை குத்தினேன். "போன வாரம்தாங்க புதுசா போட்டேன்" என்று டிரைவர் கெஞ்சினார். அவர் சொன்னது நிஜம். மறுபடி கழற்றி மாட்டிக்கொண்டு வந்தார். அப்போதும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

உனக்கு நாய், எனக்கு லாரி.

இப்போது என்னைத் திட்டாதே, கேள். நீ அந்த வண்டியை வாங்கு. முதலில் வேண்டாம் என்று எழுதியபோதே, நீ என் பேச்சைக் கேட்காமல் வாங்கிவிட மாட்டாயா என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. நீ வாங்கி ஓட்டினால், நோய் முற்றிய பிறகும் ஓட்டலாம் என்று ஆகும். நீயே ஓட்டினால் நானும் ஓட்டலாம். இந்த வேலையை விட்டால் நான் யார்? ஓட்டத் தகுதியில்லாதவள் என்று என் அலுவலகத்திலேயே, என் கூட வேலை செய்கிறவர்களே எனக்கு எழுதிக் கொடுப்பார்கள். நீ என்ன செய்கிறாயோ அதையே நானும் செய்கிறேன். நீ முடிவு பண்ணு, எனக்கும் சேர்த்து.

சுண்டெலி

ஏப்ரல் 4

சுண்டெலி,

வாங்கு என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உன்னிடம் இனிமேல் மறைக்கப் போவதில்லை. பையை எடுத்துக்கொண்டு தகரத்தின் பட்டறைக்கே கிளம்பிவிட்டேன். மாடிப்படி பாதி இறங்கும்போது உன் பாப்பா வாய்ப்பாடு சொல்லுகிற ஞாபகம் வந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சுவரில் முட்டியதாக எழுதினேனே, அது பழக்கதோஷம் இல்லை. சாய்ந்தது, திரும்பாதது எல்லாம் அன்றைக்கு முதல் அரை மணி நேரத்தில் நடந்தது, அது சரியாகிவிட்டது. நன்றாகவே ஓட்டினேன். அப்புறம் பட்டறை வாசலுக்குத் திரும்பி வரும்போது சுற்றல் வந்துவிட்டது. வாசலில் ஏணி போட்டு ஒரு பெயின்டர் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். ஏணியும் தெரியவில்லை, அவரும் தெரியவில்லை, எல்லாம் ஒரே சுழல். ஆக்ஸிலேட்டரில் கை இறுகிவிட்டது. தகரம் ஓடி வந்து, பக்கவாட்டில் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளி, சாவியைப் பிடுங்கினார். அதற்கப்புறம்தான் சுவர். ஏணிக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி என்று அவர் கையால் காட்டினார். நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ரெண்டு சக்கர வண்டியில் எனக்குச் சுற்றினால் வண்டி விழும், நான் விழுவேன், அதோடு நின்றுவிடும். இது விழாது. அதைத்தானே பெருமையாகச் சொல்லி விற்கிறார். நான் மேலே பிணமாக உட்கார்ந்திருந்தாலும் விழாமல், சாயாமல், நேராகப் போய்க்கொண்டே இருக்கும். எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்கள்மேல் போகும். எனக்காக நான் இவ்வளவு நாள் பயந்தது தப்பில்லை, ஆனால் அந்தப் பயம் போதாது. அந்தப் பெயின்டருக்காகப் பயப்பட எனக்கு இருபது நாள் ஆயிற்று. உன் நாடாக்காரருக்காக நீயும் பயப்பட வேண்டும்.

நீ என்ன செய்கிறாயோ அதையே நானும் என்றாய். சரி, கேட்டுக்கொள். நான் வாங்கவில்லை. அது மட்டும் போதாது, பழைய வண்டியையும் விடுகிறேன். தகரத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், ஆனாலும், "நானே சொல்லணும்னு இருந்தேன் அக்கா, வாய் வரல" என்றார்.

ஆய்வகத்தில் இன்னும் சொல்லவில்லை. தைரியம் இல்லை. தனியாகப் போனால் வாசலோடு திரும்பி வந்துவிடுவேன். அதனால் ஒன்று செய்வோம். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி. நான் எங்கள் மேலாளர் அறைக்குப் போகிறேன், நீ உங்கள் அதிகாரி அறைக்குப் போ. உன் வீட்டுக்காரரிடம் அதற்கு முந்தின நாளே சொல்லிவிடு. அந்த லாரியைப் பற்றியும் சொல்லு, அதை விட்டுவிட்டுச் சொன்னால் சொன்னதாக ஆகாது. ஒரே நேரத்தில் ரெண்டு பேரும் பேசினால், பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

அதுவரைக்கும் பாப்பா நடந்து போகட்டும்.

அக்கா

ஏப்ரல் 12

அக்கா,

இப்போது மாலை நாலு மணி. அலுவலகத்தில் என் மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வேறு வேலை எதுவும் எனக்குக் கொடுக்கவில்லை.

நேற்று அவரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. எழுந்து போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாப்பா தூங்குகிற கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து, "அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அவங்கதான் கண்டுபிடிச்சாங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

பத்து மணிக்கு அதிகாரியின் அறை வாசலில் நின்றபோது கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். சுற்றல் இல்லை, வெறும் பயம். நீயும் இந்த நிமிஷம் ஒரு கதவுக்கு முன்னால் நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், லாரியையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதை ஏன்மா அப்பவே சொல்லல?" என்றார். அந்த லாரியின் கோப்பை எடுத்து வரச் சொன்னார். விசாரணை இருக்குமாம். காது டாக்டர் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் எந்த வண்டியிலும் கை வைக்கக் கூடாது. வெளியே வந்தேன். நாடாவோடு நிற்கிறவர் எதிரில் வந்தார், அவரிடமும் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

வேலை இருக்குமா, போகுமா தெரியாது. இன்னொரு காதும் போகுமோ என்று பயம். பாப்பாவுக்கும் வருமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். நீ சொன்னாயா? நாய் என்றாய், அது இல்லை. பழக்கதோஷம் என்றாய், அதுவும் இல்லை. நீ சொல்லியிருப்பாய் என்று நம்பித்தான் நான் அந்தக் கதவைத் திறந்தேன். இன்றைக்கு அங்கே நான் மட்டும் தனியாகப் போயிருந்தால், அதைத் தாங்க என்னால் முடியாது. நிஜத்தை எழுது, அக்கா. எதுவானாலும் எழுது.

சுண்டெலி

ஏப்ரல் 17

சுண்டெலி,

நிஜத்தைத்தான் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு நான் சொல்லவில்லை. பத்து மணிக்கு மேலாளர் அறை வாசல் பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நாற்பதுக்கு எழுந்து படி வரைக்கும் திரும்பிப் போய்விட்டேன். இன்னும் ஒரே ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சொல்லலாம், கொஞ்ச தூரம்தானே என்று மனசு ஆரம்பித்தது. முதல் படியில் கால் வைக்கும்போது, நீ இந்நேரம் சொல்லி முடித்திருப்பாய் என்று தோன்றியது. உன்னை உள்ளே அனுப்பிவிட்டு நான் ஓடிப்போகிறேனே என்று வெட்கமாகப் போயிற்று. திரும்பி வந்து கதவைத் தட்டினேன். அப்போது மணி பத்தே முக்கால். உன்னைவிட நாற்பத்தைந்து நிமிஷம் தாமதம். ஆனால் சொன்னேன்.

மேலாளர் தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கு என் சுற்றுக்கு வேறு ஒருவரை அனுப்பினார். எனக்கு உள்ளே வேலை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குக் கிளம்பினேன்.

பதினொன்றே கால் இருக்கும். இரைச்சல் இல்லை, காது அடைக்கவில்லை, ஒன்றுமில்லை. பொத்தென்று நடைபாதையில் விழுந்துவிட்டேன். முட்டி சிராய்த்தது. எழ முடியவில்லை, ஒரு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெரு முழுக்கச் சுற்றியது. யாரோ ஒரு அம்மா வந்து, "என்னம்மா ஆச்சு, யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தால் போதும் என்றேன். அவரும் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை பதினொன்றே கால் என்றால், நான் மூணாவது கிளினிக்கில் வாங்கிக்கொண்டு நாலாவதுக்குப் போகிற நேரம். அந்த வழியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்த நேரத்துக்குத்தான் மணி அடித்துச் சின்னப் பிள்ளைகளை வரிசையாக எதிர்ப்பக்க மைதானத்துக்குக் கூட்டிப் போவார்கள். டீச்சர் கையை நீட்டுவார், நான் வண்டியை மெதுவாக்குவேன். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

உட்கார்ந்த இடத்தில் எனக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. குளிருதா என்று அந்த அம்மா கேட்டார். இல்லை என்று தலையசைக்கக்கூட முடியவில்லை.

இருபது நிமிஷம் கழித்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். முட்டியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அக்கா